ரோசலியின் முத்துச்சிப்பி

மாதா படத்தின் மரச்சட்டம் கழன்றுவிட்டது. அதை ஒட்டத் தச்சர் வச்சிரப் பசை காய்ச்சினார். அந்த நாற்றம் வந்ததும் எனக்கு உடம்பு கூசியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, ஒரு மே விடுமுறை. கோவிலில் நடந்த ஞானோபதேச வகுப்பில், அட்டையில் வச்சிரம் தடவிச் சிப்பிகளை ஒட்டி ஆளுக்கொரு சிலுவை செய்தோம். பக்கத்திலிருந்த ரோசலி, சங்கு குளிக்கும் அவள் அப்பா எடுத்துவந்த முத்துச்சிப்பியை நடுவில் பதிக்க வைத்திருந்தாள். அதன் உள்பக்கம் அப்படி மினுங்கும். செபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியபோது அதை எடுத்து என் சிலுவையில் ஒட்டிவிட்டேன்.

முதல் பரிசு எனக்குத்தான். இந்தப் படம்.

வீடு திரும்பும்போது ரோசலி சொன்னாள்: "ஏளா, கேட்டிருந்தா நானே தந்திருப்பேம்லா."

தச்சர் படத்தைத் துடைத்து நீட்டினார். "எங்கன மாட்டணும்மா?"

பழைய இடத்தில் அவரையே மாட்டிவிடச் சொல்லிவிட்டு, மாதாவின் முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விட்டேன்.