என் முதுகும் என் தங்கையின் பதினோரு விநாடியும்

ஒரு படத்தைக் காப்பாற்றப் போய் அதை உலகத்திலிருந்தே துடைத்தெறிந்த மடையன் நான்தான். கூலிக்கு ஆள் வைத்துச் செய்யவில்லை. நானே உட்கார்ந்து, ஓரம் விட்டு, நல்ல கையெழுத்தில் எழுதிச் செய்தேன். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைப் பாராட்டிய வாத்தியார் இன்று இருந்தால் ஊராரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் நல்லேப்பிள்ளி வயல்களில் ஒரு தமிழ்ப்படம் எடுத்தார்கள். இரண்டு வேனில் கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வழியாக வந்து இறங்கி, பதினைந்து நாள் எங்கள் வரப்புகளையெல்லாம் மிதித்து உடைத்துவிட்டுப் போனார்கள். படம் நாலு நாள் ஓடியது. நாலாம் நாள் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான், அதுவும் எங்களைப் பார்ப்பதற்காக. அப்புறம் பல வருஷம் கழித்துக் கோயமுத்தூர்க் காலேஜ் பிள்ளைகள் அதை நெட்டில் கண்டுபிடித்துத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நாயகன் சொல்லும் ஒரு வசனத்தைப் பனியனில் அடித்துப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வருவார்கள். யாரும் கேட்காமலே நான் அவர்களுக்கு வழிகாட்டி ஆனேன். காரணம், அந்தப் படத்தில் நானும் உண்டு. நாற்பத்தேழாவது நிமிஷத்தில் என் முதுகு வருகிறது. இதுவரை எந்த விமர்சகரும் அதன் நடிப்பைக் குறை சொன்னதில்லை.

என் முதுகு நகர்ந்ததும் என் தங்கை வருவாள். தலையில் நாற்று முடிக் கட்டு. அவள் சும்மா நடந்து போக வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். வரப்பில் நாயகனின் வண்டி குறுக்கே நின்றது. அவளுக்கு நடிப்பு தெரியாது, வேலைதான் தெரியும். நின்று, "ஏனுங்க, வண்டியக் கொஞ்சம் அக்கட்டால நகத்துங்க, நாத்து வாடுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். நாயகன் சமாளித்துக்கொண்டு, "நானுந்தான் வாடி நிக்கறேன்" என்றான். டைரக்டர் அப்படியே வைத்துக்கொண்டார். பனியனில் இருக்கும் வசனம் அந்தப் பதில்தான்.

படம் வந்த மூன்றாம் வருஷம் மஞ்சள்காமாலையில் தங்கை போய்விட்டாள். செல்போனில் வீடியோ வராத காலம். கல்யாண ஆல்பத்தில் இருக்கிறாள், எல்லாப் படத்திலும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பது போல. அவள் நடப்பதும் பேசுவதும் சிரிப்பதும் இருந்த ஒரே இடம் அந்தப் பதினோரு விநாடி.

கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான் அவள் புருஷனின் வீடு. என் மாப்பிள்ளை அதற்கப்புறம் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது போனைத் தண்ணிச் சொம்பில் சாய்த்து வைத்து, அந்த இடத்தை ஒருமுறை பார்ப்பார். ஒரே முறைதான். பிறகு சாப்பிடுவார். அந்த நேரத்தில் நான் போனால் எனக்கும் ஒரு தட்டு வைப்பார், பேச மாட்டார்.

போன மாசி மாதம் செய்தி வந்தது. அந்தப் படத்தை மறுபடி எடுக்கிறார்களாம். புது நாயகன், வயிறே இல்லாதவன். அது போதாதென்று, வயல் இப்போது எடுபடாது, மலைமேல் பள்ளிவாசல் என்கிற ஊரின் தேயிலைத் தோட்டத்தில் எடுக்கிறோம் என்று புது டைரக்டர் பேட்டி கொடுத்திருந்தார். காலேஜ் பிள்ளைகள் கொதித்தார்கள். அவர்களைவிட அதிகமாக நான் கொதித்தேன். தேயிலைத் தோட்டத்தில் வரப்பு ஏது? வரப்பு இல்லாமல் வண்டி யாரை மறிக்கும்? யார் யாரிடம் நகரச் சொல்வது?

மாப்பிள்ளையிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எடுத்துட்டுப் போறானுக, உடுங்க மச்சா. நம்முளுது நம்முகிட்டத்தான இருக்குது?"

"அதெப்புடிங்க உடறது? நாளைக்கு அதத்தான் நெசமான படம்னு சொல்லுவானுக."

"சொன்னாச் சொல்லீட்டுப் போகட்டும். நீங்க எதையாச்சும் எழுதிக்கிட்டு இருக்காதீங்க."

என்னை நன்றாகத் தெரிந்த மனிதர். முப்பது வருஷமாக இந்தப் பஞ்சாயத்தில் மனு எழுதுவது நான்தான். கால்வாய்த் தண்ணி, பன்றி மேய்ந்த வயல், வராத விதை, எதுவானாலும் விவசாய ஆபீசான கிருஷி பவனுக்கு அபேக்ஷை என் கையால்தான் போகும். அதில் எனக்கு ஒரு கர்வம்: ஆதாரம் வைக்காமல் ஒரு மனு கூட அனுப்பியதில்லை. தண்ணி வரவில்லை என்றால் காய்ந்த வயலின் போட்டோ, பன்றி வந்தது என்றால் குளம்புத் தடத்தின் போட்டோ. ஒருமுறை எலி கடித்த நெற்கதிரையே கவருக்குள் வைத்து அனுப்பினேன்.

அதே முறையில் படக் கம்பெனிக்கும் எழுதினேன். 'விஷயம்: பழைய படத்தைக் கெடுக்காதிருப்பது சம்பந்தமாக.' மூன்று பக்கம். போட்டோ எடுத்து மெயிலில் அனுப்பினேன். கீழே ஆதாரம் வைத்தேன்: 'மேற்படி படம் இன்றும் முழுசாக, தெளிவாக, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கீழ்க்கண்ட இடத்தில் உள்ளது. நாற்பத்தேழாவது நிமிஷத்தைப் பார்த்துத் திருந்தவும்.' பிழையில்லாமல் லிங்க்கை ஒட்டினேன். சரியாகத் திறக்கிறதா என்று இரண்டு தடவை சோதித்தும் பார்த்தேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. 'தகவலுக்கு நன்றி.' பெருமையாகக் கடைத்தெருவில் நாலு பேரிடம் காட்டினேன்.

நாலாம் நாள் படம் நெட்டில் இல்லை. கறுப்புச் சதுரம், நடுவில் இங்கிலீஷில் ஒரு வரி: உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது.

மாப்பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது வரமாட்டேங்குதுங்க மச்சா. என்னன்னு பாருங்க."

"டவர் சரியில்லீங்க" என்றேன். ஒரு வாரம் டவர் மேல் பழி போட்டேன். அந்த ஒரு வாரமும் அவர் மத்தியானம் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

அந்த வாரம் நான் போகாத இடமில்லை. படம் ஓடிய தியேட்டர் கல்யாண மண்டபமாகியிருந்தது. பழைய சிடிக் கடைக்காரர் இப்போது மீன் வளர்க்கிறார். படத்தை நெட்டில் ஏற்றியவர் யாரென்றே தெரியவில்லை. பனியன் போட்ட பிள்ளைகளுக்கு வரிசையாகப் போன் அடித்தேன். "நெட்டுல தான் இருந்துச்சேண்ணா, எதுக்கு எடுத்து வெக்கோணும்?" என்றார்கள். வெட்டி வைத்திருந்த துண்டுகளை அனுப்பினார்கள். எல்லாமே நாயகன் வாயைத் திறக்கிற இடத்தில் ஆரம்பிக்கின்றன. 'நானுந்தான் வாடி நிக்கறேன்.' எதற்குப் பதிலாக அதைச் சொன்னான் என்பதை ஒருத்தரும் வெட்டி எடுக்கவில்லை. கம்பெனிக்கு மறுபடி எழுதினேன், பதினோரு விநாடி மட்டும் கொடுங்கள் என்று, கல்யாண ஆல்பத்தின் போட்டோவை ஆதாரமாக வைத்து. இன்றுவரை பதில் இல்லை.

எட்டாம் நாள் போனேன். அவர் தட்டு வைத்தார். நான் சாப்பிடவில்லை. கடிதம், ஆதாரம், லிங்க், இரண்டு தடவை சோதித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் வாய் சும்மா இருக்கவில்லை. எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துப் பிழைத்தவன், அன்றும் அதையே செய்தேன்.

"எனக்கும் நட்டந்தானுங்க மாப்பிள்ளை. என்ற முதுகும் அதோட போயிருச்சு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"உங்க முதுகு இங்கதான இருக்குது."