ஹெட்போனில் ஒரு ‘காணும்’

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். நான் பிடித்த மீன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு கிலோ ஏறும் என்று எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டை முழுக்கத் தெரியும். ஆனால் இது நடந்தது. சத்தியமாக நடந்தது. மழையை மட்டும் சற்றுக் கூட்டியிருக்கிறேன். மழை இல்லாமல் வந்தால் பேய்க்கு மரியாதை இல்லை பாருங்கள்.

கிள்ளான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் உட்கார்ந்தால் மனைவி புஷ்பவல்லி வெங்காயம் உரிக்கச் சொல்வாள். அதற்குப் பயந்து, ஷாமினி என்ற வக்கீல் பெண்ணின் அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடி. ஈழத்துப் போரில் தப்பி இங்கே அகதியாக வந்தவர்களின் வாக்குமூலங்களை அவள் பதிவு செய்வாள். நான் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டித் தருவேன். குற்றம் செய்தவர்களை என்றைக்காவது ஏதாவது ஒரு நாட்டின் கூண்டில் ஏற்றிவிடலாம் என்று அவளுக்கு நம்பிக்கை.

அன்றைய பதிவு தனலெட்சுமி என்ற அம்மாவுடையது. போர் முடிந்த நாளில், “விசாரிச்சுப்போட்டு விட்டிடுவம்” என்ற சீருடைக்காரர்களிடம் மகன் துவாரகனைத் தன் கையாலேயே ஒப்படைத்தவர். பையனுக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இதையே எத்தனையோ அலுவலகங்களில், எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டார். குரலில் அழுகைகூட மிச்சமில்லை. வெறும் அலுப்பு.

ஞாயிற்றுக்கிழமை. ஷாமினி ரவாங்குக்குப் போயிருந்தாள். மாடியில் நான் மட்டும். பிற்பகல் மணி மூன்று. வெளியே மோனோரயில் மிதந்து போகிற அளவுக்கு மழை.

ஹெட்போனில் தனலெட்சுமி, மகனின் கையை விட்ட இடத்தைச் சொல்லி நிறுத்தினார். அந்த இடைவெளியில்...

“காணும்... மாத்தையா...”

ஆண் குரல். இளம் குரல்.

பின்னால் ஓட்டினேன். மறுபடியும் அதே குரல். ஷாமினியைக் கைப்பேசியில் பிடித்தேன்.

“பதிவு எடுக்கறப்ப கூட யாரும்மா இருந்தா? ஒரு பையன் பேசறானே?”

“யாரும் இல்ல லா அங்கிள். நானும் ஆன்டியும்தான். மதியம் மட்டன் ஒரு கட்டு கட்டினீங்களா? தூங்கியிருப்பீங்க.”

“கட்டினேன். ஆனா தூங்கல.”

நம் ஊரில் ‘காணும்’ என்றால் காணவில்லை. ‘மாத்தையா’ என்றால் மாற்று, ஐயா. அப்படியென்றால் பையன் என்னிடம்தான் சொல்கிறான். நான் தட்டியதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது! வரிவரியாகத் தேடினேன். ஒரு காற்புள்ளிகூட விடவில்லை.

மூன்றாம் முறை ஓட்டினேன். குரல் கிட்டத்தில் வந்திருந்தது. மூச்சு கேட்டது. ஈரமான மூச்சு.

ஹெட்போனைக் கழற்றினேன்.

பதிவை நிறுத்தினேன்.

“காணும்...”

என் பிடரிக்குப் பின்னால்.

“மாத்தையா...”

படியில் இறங்கினேனா, உருண்டேனா, தெரியாது. கீழே கடைக்கார ரமணி, “என்னா அங்கிள், மேல நெருப்பா?” என்று கத்தினார். நான் நின்றது கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில்.

மறுநாள் காலை தனலெட்சுமி கையெழுத்துப் போட வந்தார். வந்தவர் நாற்காலியில்கூடச் சாயவில்லை.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. நான் இதை விடப்போறன். எத்தினை தரம் சொல்லுறது? களைச்சுப் போனன்.”

ஷாமினி பேனாவை மூடி வைத்தாள். கையெழுத்து இல்லாவிட்டால் வாக்குமூலம் வெறும் காகிதம். நானோ, கேட்டுவிட்டாவது போகட்டும் என்று தட்டியதைத் தமிழில் வாசித்தேன். கடைசி வரி: ‘மகனைக் காணவில்லை.’

“நான் அப்பிடிச் சொல்லேல்லையே?”

“‘காணும், பிள்ளை’ன்னு சொன்னீங்களேம்மா?”

“அது இந்தப் பிள்ளையிட்ட, ஷாமினியிட்டச் சொன்னது. காணும் எண்டா போதும். எங்கட பக்கம் அப்பிடித்தான்.”

போதுமா? அப்படியென்றால் அந்தப் பையன்...

ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, பதிவை ஓடவிட்டேன்.

அவர் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்தன.

“என்ர துவாரகன்.”

ஷாமினி மெதுவாகக் கேட்டாள். “ஆன்டி... போதும்மா, விட்டுடுங்கன்னு உங்ககிட்ட சொல்றாரா?”

தனலெட்சுமி இன்னொரு முறை கேட்டார். இல்லையென்று தலையை ஆட்டினார்.

“எனக்கெண்டா அம்மா எண்டு சொல்லுவான். இவன் மாத்தயா எண்டெல்லோ சொல்லுறான்.”

“மாத்து ஐயான்னுதானே?” என்றேன்.

“இல்லை அண்ணை. அது சிங்களம். ஐயா எண்டு அர்த்தம்.” குரல் உடையவில்லை. “போதும் ஐயா எண்டு, அடிக்கிறவனிட்டக் கெஞ்சுறான்.”

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எங்க கையெழுத்து வைக்கிறது, பிள்ளை?”

சில மாதங்கள் கழித்து, சுவிஸில் இருக்கும் ஒருவர் கிடைத்தார். துவாரகனை அடைத்த முகாமில் பக்கத்து அறையில் இருந்து தப்பியவர். அந்த இரண்டு சொற்களைச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறார். ஒரு விடியற்காலையில் அவனைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறார்.

வீடியோ அழைப்பில் தனலெட்சுமி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அதோட அவன்ர சத்தம் நிண்டிட்டுதோ, தம்பி?”



“இல்லையம்மா... அண்டைக்கு இரவுதான், சத்தம் தாங்கேலாமல் அவன்ர வெறும் அறைக் கதவுக்கு ஆமிக்காரரே ஆணி அடிச்சவங்கள்.”