குறையில்லாத முசாக்கா

நான் சமைத்துக்கொண்டிருந்த உணவகம் இழுத்து மூடப்பட்டு ஏழு மாதமாகியிருந்தது. வதிவிட அட்டையைப் புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். கேட்டுப் போன இடமெல்லாம் என் ஐம்பத்துமூன்று வயதைப் பார்த்துவிட்டு, பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். லா கூர்னெவிலிருந்து தினமும் ரயிலேறி வந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் முழுக்க அலைந்ததில் கால் இரண்டும் ஓய்ந்துவிட்டன.

அப்போதுதான் தெரிந்த அண்ணை ஒருவர் தொலைபேசி எடுத்தார். முன்பு என்னோடு ஒரே அடுப்படியில் நின்றவர். இப்போது ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியில், எங்கள் கடைகள் முடிகிற இடத்திலிருக்கும் கிரேக்க உணவகத்தில் அவர்தான் சமையல். கிரேக்கச் சாப்பாடு யாழ்ப்பாணத்துக் கையால் வருவது இந்த ஊரில் யாருக்கும் புதினமில்லை.

"நாளைக்கு மத்தியானம் வந்து சாப்பிடு. முதலாளி கதைப்பார். குசினிக்கு ஒராள் வேணும்" என்றார். விளக்கமாகச் சொல்ல அவருக்கு எங்கே நேரம்!

எத்தனையோ ஆயிரம் தட்டு நிரப்பியிருக்கிறேன். மேசையில் உட்கார்ந்து, இன்னொருவர் கொண்டுவந்து வைக்க மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது அன்றைக்குத்தான். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ நித்திரை வந்தது.

முசாக்கா வந்தது. கத்தரிக்காயும் அரைத்த இறைச்சியும் அடுக்கடுக்காய், மேலே பொன்னிறமாய் வெந்திருந்தது. முதல் வாயிலேயே உப்புக் கரித்தது. மனிசன் இரண்டு தரம் போட்டிருக்கிறார். போன வருடக் காய்ச்சலோடு அண்ணைக்கு வாய்ருசி போய்விட்டது என்று யாரோ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதலாளிக்குத் தெரிந்தால் அண்ணையின் வேலை போய்விடும். தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தட்டை வழித்துத் துடைத்தேன்.

முதலாளி எதிரே வந்து உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும். பிரெஞ்சில் கேட்டார்.

"சாப்பாட்டில் என்ன குறை?"

எங்கள் ஆளின் சமையலை வெள்ளைக்கார முதலாளி முன்னால் குறை சொல்வதா? எங்களுக்குள் ஆயிரம் சண்டை, பிடுங்குப்பாடு இருக்கும். அதெல்லாம் குசினிக் கதவுக்கு உள்ளே.

"ஒரு குறையும் இல்லை."

"உப்பு?"

"அளவாக இருக்கிறது."

அவர் கோபப்படக்கூட இல்லை. வந்ததற்கு நன்றி சொல்லி, கை கொடுத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணை கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"என்னடாப்பா சொன்னனீ? நீ சரிவரமாட்டாய் எண்டிட்டார்."

"உப்பு அளவு எண்டு சொன்னனான் அண்ணை. பின்னை, உங்களைக் காட்டிக் குடுக்கிறதே?"

அவர் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"எனக்கு ருசி தெரியேல்லை எண்டு நானே அவரிட்டைச் சொல்லிப்போட்டன். ருசி பாக்கிற ஆளொண்டைப் பிடிச்சுத் தா, ரெண்டு பேரும் வேலையிலை நில்லுங்கோ எண்டவர். உன்ரை நாக்கை நம்பித்தானடா கூப்பிட்டனான்!"

முன்னமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்தத் தோன்றியது. கத்தத் தெம்பில்லை. எழுந்துபோய், கல்லாவடியில் நின்ற முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். உப்பு இரண்டு மடங்கு, எனக்கு முதல் வாயிலேயே தெரிந்தது என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நாளைக்கும் அவர் உப்பைக் கூடப் போட்டால், என்னிடம் சொல்வாயா?"

ஓம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் திரும்பி அண்ணையின் முகத்தைப் பார்த்தேன்.

"சரி, போய்வா" என்றார் முதலாளி.