மயில்துத்தச் சந்தேகம்

மரத்தைத் தலைகீழாகப் பிடித்து வெள்ளைத் தாளின் மேல் மூன்று தட்டுத் தட்டுகிறார் சவுரிமுத்து. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். ஒன்றும் உதிரவில்லை. மனம் கேட்காமல் இன்னொரு முறை தட்டுகிறார். விரல் நீள மரம்தான். தெர்மோகோல் மலையில் அதைத் திரும்ப நட்டுவிட்டு அடுத்ததைப் பிடுங்குகிறார்.

மேற்குத் தாம்பரத்தில் பைண்டிங் கடை வேலை. காட்டாங்குளத்தூர் மாணவர்களின் புராஜெக்டுகளுக்கு அட்டை போடுவது பகல் பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் பொம்மை ரயில் ஓடும் பொம்மை ஊர்களுக்கு மரம் செய்கிறார். பக்கத்து வீட்டு ரேணுகாம்பாளின் தொட்டியில் காய்ந்துபோன துளசிதான் அடிமரம், கிளை எல்லாம். கூழ் தடவிப் பச்சைச் சாயமேற்றிய மரத்தூளில் புரட்டினால் வேப்பமரம். குடை மாதிரி கத்தரித்தால் தூங்குமூஞ்சி மரம்.

அந்த அம்மாளுக்கு ஒரே நிபந்தனை. "கெட்டுப்போனா குப்பையில போட்டுடாதீங்க சவுரி. துளசி. என்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க." சவுரிமுத்து மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் கத்தரித்த துணுக்கைக்கூட பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்துத் திருப்பித் தருகிறார்.

பெவிகாலைத் தொடமாட்டார். "அது மினுமினுன்னு நிக்கும் சார். மரம் இன்னா எண்ணெ தேய்ச்சிக்கினா நிக்குது?" அவருக்கு பைண்டிங் கடை மைதாக் கூழ்தான். அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பைப் போட்டால் பூச்சி அண்டாது. போடாவிட்டால் சில மாதத்தில் அரித்துப் பொடியாக்கிவிடும்.

மனிதர் பிறவிச் சந்தேகக்காரர். தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் இது நடந்தது.

கீழ்க்கட்டளை மோகன்ராஜ் ஓய்வுபெற்ற பல் டாக்டர். தாம்பரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரையிலான ரயில் பாதையை மாடி அறையில் ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். வண்டலூர் மலைக்கு மட்டும் எண்பது மரம் பாக்கி. அதற்கான கூழ் அடுப்பில் கொதிக்கும்போது டாக்டரே போன் செய்தார். "சண்டே நாலு மணிக்கு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வர்றாங்க சவுரி. மலை மொட்டையா இருக்கக் கூடாது."

இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே எண்பதையும் நட்டு முடித்தார். வீடு திரும்பும் பஸ் மேடவாக்கம் தாண்டும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. போன் பேசிய பிறகு மயில்துத்தம் போட்டோமா? அடுப்படியில் நிற்கும்போதே தோன்றியிருந்தால் இன்னொரு சிட்டிகை போட்டிருக்கலாம். இனி பார்த்தும் தெரியாது. துத்தத்தின் நீலத்தைப் பச்சைச் சாயம் விழுங்கியிருக்கும்.

ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. மலையில் வந்த பூச்சி மலையோடு நிற்காது. ஸ்டேஷன் அட்டையையும் தின்னும், ஆறு வருட உழைப்பையும் தின்னும். "போட்டனா, போடலியா, ஒண்ணும் தெர்லியே" என்று இன்று காலையும் புலம்பியவரிடம் மனைவி ஞானம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"பேஜார் பண்ணாதய்யா. அவ்ளோ டவுட்டா கீதுன்னா போய் ஒண்ண நக்கிப் பாரு!"

கோபத்தில் சொன்னதுதான். மத்தியானம் இரண்டு மணிக்கே டாக்டரின் இந்த மாடி அறைக்கு வந்துவிட்டார். மரங்களுக்குத் தூசி தட்டப்போவதாக டாக்டரிடம் பொய். முப்பத்தோரு மரம் தட்டியாயிற்று. ஐந்து நாளில் பூச்சி பிடிக்காது, தட்டிப் பயனில்லை என்பது அவருக்கே தெரியும். கை மட்டும் நிற்கவில்லை. டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வருகிறது. பயத்தில் உள்ளேயே போய்விடுகிறது.

கீழே வாசல் மணி அடித்தது. "வாங்க வாங்க, எல்லாம் மேலதான்" என்றது டாக்டரின் குரல். மாடிப்படியில் பேச்சும் சிரிப்பும் ஏறி வந்தன.

சவுரிமுத்து கையிலிருந்த மரத்தைப் பார்த்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அடிமரத்தை நாக்கு நுனியில் வைத்தார்.

துவர்த்தது. செம்புக் காசைச் சப்பியது போல நாக்கைச் சுருக்கிப் பிடித்தது. முகம் கோணி, கைக்குட்டையில் துப்பி, அப்படியே சிரித்தார். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. எண்பதும் ஒரே கூழ். இனி பயமில்லை. மரத்தை அதன் குழியில் நேராக நட்டார்.

பிறகு, முதல் விருந்தாளி நிலைப்படியைத் தாண்டுவதற்குள், பக்கத்து மரத்தைப் பிடுங்கி நாக்கை நீட்டினார்.