கதிரவேலின் தலையில் ஊற்றிய தண்ணீர்

லிங்கநகரில் ஓர் அறை வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் படலையைத் தட்டினேன். கழுத்தில் செபமாலையோடு தையல் மெசினுக்குப் பின்னால் இருந்த ஓர் அம்மா எழும்பாமலே கேட்டார்:

"தம்பி, நீங்கள் கனவு காணுறனீங்களோ?"

எங்கள் திரியாய் ஊரில் முதன்முதல் பட்டம் எடுத்தவன் நான். பேராதனையில் நாலு வருடம் படித்து, கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் ஏற்க வந்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை.

"காணுறனான்."

"மோட்சத்தைக் கண்டிருக்கிறீங்களோ?"

"நான் சைவம், அக்கா."

"அதுக்கென்ன, அவரும் சைவந்தானே" என்று சுவரைக் காட்டினார். படத்தில் சட்டையில்லாமல், பெரிய மீசையோடு ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்.

1974ஆம் ஆண்டு, பாக்கியரத்தினம் அக்காவை நான் சந்தித்தது இப்படித்தான். அறையும் கிடைத்தது. படத்தில் இருந்தவர் அவருடைய கணவர் கதிரவேல். சல்லி ஊரில் பிறந்து, துறைமுக டொக்யாட்டில் நீராவிப் பொயிலர் திருத்தியவர். மனைவியை ஞாயிறுதோறும் கத்தோலிக்கக் கோயில் வாசல்வரை கூட்டிவருவார். பூசை முடியும்வரை வெளியே நின்று சுருட்டுப் பிடிப்பார். உள்ளே வரச்சொன்னால், "சுவாமியாற்ற சத்தம் றோட்டுக்கே கேக்குது, காணும்" என்பாராம்.

ஐந்து வருடத்துக்கு முன் அவர் ஆசுப்பத்திரியில் சாகக் கிடந்தார். சாகப்போகிறவருக்கு எந்தக் கிறிஸ்தவரும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவர்களுடைய சட்டம். கேட்டால் மனிதன் சம்மதிக்கமாட்டார் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆகவே, பின்னேரம் அவர் அயர்ந்திருந்த நேரம் பார்த்து, மந்திரத்தைச் சொல்லி ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டார். கதிரவேல் கண்ணைத் திறந்தார்.

"என்னப்பா, கூரை ஒழுகுதோ?"

"ஓம்" என்றார் அக்கா.

அவர் துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். விடிய உயிர் போய்விட்டது.

சம்மதமில்லாமல் ஊற்றிய தண்ணீர் செல்லாது என்று பங்குச் சுவாமியார் சொல்லிவிட்டார். ஞானஸ்நானம் இல்லாமல் மோட்சம் இல்லையாம். அப்படியென்றால் கதிரவேல் எங்கே? அக்காவுக்கு இருந்த கேள்வி அது ஒன்றுதான்.

புதுநன்மை என்கிற முதல் நற்கருணை எடுக்கப்போகிற ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தவர் அக்கா. ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு, பிள்ளைகள் கண்ட கனவோடுதான் தொடங்கும். குழந்தை கண்ணுக்கு மறுவுலகம் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. மாவுத் தட்டுப்பாட்டால் பாணுக்குப் பேக்கரி வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. பிள்ளைகளின் மோட்சத்தில் வரிசையே இல்லை. சிறகு வைத்த சம்மனசுகள் வீடுவீடாகப் பாண் கொண்டுவந்து கொடுத்தார்கள். நரகம் ரேசன் சாமான் கொடுக்கிற சங்கக்கடை மாதிரி இருந்தது. சங்கக்கடை மனேச்சரேதான் அங்கேயும் மனேச்சராம்.

கதிரவேலை மோட்சத்தில் கண்ட பிள்ளைக்கு ரொபி இனிப்பு ஒன்று கிடைக்கும். அந்த வருடம் பதினொரு பிள்ளைகள் கண்டார்கள். பதினொரு பேரும் அவரைப் பதினொரு நிறச் சட்டையோடு கண்டார்கள். அக்கா ரொபியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வார்: "பொய், தம்பி. அந்த மனுசன் மோட்சத்துக்கெண்டாலும் சேட்டுப் போடாது."

பிறகுதான் ஜெசிந்தா எழும்பினாள். முன்பல் இரண்டும் விழுந்த பிள்ளை.

"நான் அவரை நரகத்தில கண்டனான், ரீச்சர்."

அக்கா, "சேட்டுப் போட்டிருந்தவரோ?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லை. மேலெல்லாம் கரி. பேயள் அவருக்குப் பின்னால 'பாஸ், பாஸ்' எண்டு திரியுதுகள். பொயிலர் பழுதாம், அவருக்குத்தான் திருத்தத் தெரியுமாம். அவர் குறட்டால முடுக்கி நெருப்பைக் குறைச்சுப்போட்டு, பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு இருந்தவர்."

அன்றைக்கு ஜெசிந்தாவுக்கு மிச்ச ரொபி முழுவதும் கிடைத்தது. அக்கா வீட்டுக்கு வந்து, ஐந்து வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். "அவர்தான், தம்பி. ஒரு இடத்தில சும்மா இருக்கமாட்டார்" என்றார்.

வினை பாவசங்கீர்த்தனத்தில் வந்தது. செய்த பாவத்துக்குப் பயமில்லையா என்று சுவாமியார் ஒரு பொடியனைக் கேட்க, அவன், "இப்ப அங்க சூடு குறைவு, சுவாமி" என்றிருக்கிறான். அடுத்த நாளே சுவாமியார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"வாற ஞாயிறு அந்தக் கனவு பொய்யெண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. ஏலாதெண்டால் வகுப்பை விடுங்கோ."

"சொல்லுறன், சுவாமி" என்றார் அக்கா. பத்தொன்பது வருடமாக நடத்திய வகுப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போய் யன்னலருகே நின்றேன். சுவாமியார் முன் வாங்கில் உட்கார்ந்திருந்தார். அக்கா ஒழுங்காகத்தான் தொடங்கினார்: "பிள்ளையள், கனவு கனவுதான். நரகம் சுடும்."

ஜெசிந்தா கை உயர்த்தினாள். "கொஞ்சமாத்தானே, ரீச்சர்?"

அக்கா சுவாமியாரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, கொஞ்சமாத்தான். அந்த மனுசன் ஒரு வேலையைப் பிடிச்சா அரைகுறையில விடமாட்டார்."

சுவாமியார் எழும்புவதற்கு முன்பே, அக்கா ஞானோபதேசப் புத்தகத்தை அவருடைய மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போனோம். வழியில் அவர் தையல் நூல் வாங்கினார்.

வகுப்பை இப்போது ஒரு கன்னியாஸ்திரி நடத்துகிறார். பாக்கியரத்தினம் அக்கா கப்பல்துறை என்ற ஊரில் தங்கையின் வீட்டில் இருக்கிறார். பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறார். ஞாயிறு காலையில் பஸ் எடுத்து டவுனுக்குப் பூசைக்கு வருவார். ஞாயிறு பூசை தவறுவது பாவம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர், பஸ் வராவிட்டால் வருவதில்லை.