மன்னிப்புக் கேட்காத வாக்கியம்

தாதியருக்கான பயிற்சி என்று எங்கள் மாவட்ட மருத்துவமனையிலிருந்து என்னை அனுப்பியபோது, ஏதோ புது இயந்திரத்தைப் பற்றி இருக்கும் என்று நினைத்துப் போனேன். அங்கே சொல்லிக்கொடுத்தது பேசுவதற்கு. மனத்தில் உள்ளதைக் கோபப்படாமல், குழையாமல் சொல்லப் பழக வேண்டும். "நீங்கள் நன்றாகச் செய்யும் ஒரு வேலையை எழுந்து சொல்லுங்கள்" என்றார் பயிற்சி நடத்திய பெண்மணி. எத்தனையோ ஆண்டுகளாக ஊசி போடுகிறவள் நான், ஒன்றும் தோன்றவில்லை. எழுந்து நின்று "ஸாரி" என்றேன். எதற்கு ஸாரி என்று கேட்டார். அதற்கும் ஒரு ஸாரி சொன்னேன்.

பயிற்சி மலாய் மொழியில் நடந்தது. மலாயில் அந்த வாக்கியங்கள் எனக்கு ஒருவாறு வந்துவிட்டன. தமிழில்தான் சிக்கல். ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். பெரியவர்கள் அதட்டினால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் பழக்கம். அதனால் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் காரில் தனியாக, தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

சில வாரங்களில் எங்கள் வார்டில் ஓர் அம்மாவைச் சேர்த்தார்கள். அவர் கணவர் எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். தினமும் காலையில் வேலைக்கு வந்தவர்களின் பட்டியலில் என் அம்மாவுக்குப் பேர் போட்டவர்.

ஒரு நாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்கார அக்காவுக்குத் திரையை மூடிவிட்டு, அறுவைப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். திரை சட்டென்று விலகியது. அந்தக் கிராணிதான்.

"என் சம்சாரத்துக்கு ட்ரிப்பு முடியப் போவுது. அதப் பாக்காம இங்க என்ன பண்ற?"

அக்கா பதறிப் போர்வையை இழுத்துக்கொண்டார். வாய்வரை வந்த ஸாரியை விழுங்கினேன்.

"ஐயா, திரைய மூடிட்டு வெளிய நில்லுங்க. இவங்களுக்கு முடிச்சிட்டு வர்றேன்."

"யார்கிட்ட பேசுற தெரியுமா? உங்கம்மா என் முன்னுக்கு நின்னு பேசுனதில்ல."

"தெரியும் ஐயா. இது தோட்டம் இல்ல, வார்டு. திரைய மூடுங்க."

மூடினார். கட்டை ஒழுங்காகப் போட்டு முடித்தேன். பிறகு போய்ப் பார்த்தேன். ட்ரிப்பில் இன்னும் மிச்சம் இருந்தது.

அவர் வார்டு சிஸ்டரிடம் புகார் செய்தார். மாலையில் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். "நாளைக்கு யார் அப்படி திரைய தொறந்தாலும் இதத்தான் சொல்வேன், சிஸ்டர்."

அவர் என்னைச் சற்றுப் பார்த்தார். "சரி லா. அடுத்த தடவ என்னையும் கூப்புடு."

மாத்திரை கொடுக்கப் போனபோது அந்த அம்மா மெல்லக் கேட்டார். "அவருகிட்ட எப்படிம்மா அப்படிச் சொன்ன? இத்தன வருஷத்துல நான் ஒரு தடவகூட சொன்னதில்ல."

"எனக்கும் வராதும்மா. பழகுனேன்."

மறுநாள் அவர் கணவர் வந்து, வீட்டுக்குப் போகலாம் என்று அவசரப்படுத்தினார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எனக்கும் அது குறையாகப் படவில்லை.

"டாக்டர் வந்து பாக்கட்டும். அப்புறம் போலாம்" என்றார் அந்த அம்மா, அவர் முகத்தைப் பார்த்தே. கிராணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.