காணாமல் போன புத்தகத்தின் கனம்

நூலகத்தில் எல்லோரும் அவரைக் கட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வேலை அப்படி. வருஷத்துக்கு ஒருமுறை பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் புத்தகங்களைச் சரிபார்ப்பார். பட்டியலில் இருந்தும் அலமாரியில் இல்லாத புத்தகத்துக்கு, அதே உயரத்தில், அதே கனத்தில் ஒரு மரக்கட்டை அறுத்து, முதுகில் தலைப்பை எழுதி அந்த இடத்தில் செருகுவார். இல்லாவிட்டால் பக்கத்துப் புத்தகங்கள் சாய்ந்து தையல் கட்டு விட்டுப்போகும். போன புத்தகம் திரும்பி வந்தால் கட்டையை உருவிவிட்டுப் புத்தகத்தை வைப்பது முறை. முப்பத்தொரு வருஷத்தில் நூற்றுப்பதினான்கு கட்டைகளைச் செருகியிருக்கிறார். புத்தகம் வந்து ஒன்றைக்கூட உருவியதில்லை. சாவதற்குள் ஒரே ஒரு கட்டையையாவது உருவிவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இதில் ஒரு கட்டையைப் பற்றி மட்டும் அவர் வெளியே மூச்சுவிட்டதில்லை. கல்யாணமான புதிதில், மனைவி படிக்கட்டும் என்று ஒரு தடித்த நாவலைப் பதிவு செய்யாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்று எண்ணம். அந்த அம்மாளோ ஒரு புத்தகத்தை முடித்து மூடி வைக்கிற ரகமில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து நேராக முதல் பக்கத்துக்குப் போகிறவர். இன்றைக்கு நாளைக்கு என்று வருஷம் ஓடிச் சரிபார்க்கும் நாளும் வந்துவிட்டது. தான் எடுத்துப்போன புத்தகத்தைக் காணோம் என்று தானே குறித்துக்கொண்டு, தானே கட்டை அறுத்தார். முதல் கட்டை ஓர் இழை தடித்துப்போனது. அதை வீட்டு ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை இழைத்துச் செருகினார்.

நூலகத்துக்கு ஐம்பது வயதானபோது ஓர் ஓவியரையும் ஓர் எழுத்தாளரையும் வரவழைத்து, இருவரும் சேர்ந்து நூலகத்தை வைத்து ஏதாவது படையுங்கள் என்று கேட்டுக்கொண்டார் நூலகர் அம்மா. அவர்கள் இருவரும் அத்தனை புத்தகங்களையும் தாண்டி வந்து, கட்டைகளின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஓவியர் ஒரு பெண். கட்டைகளுக்கெல்லாம் வண்ணம் தீட்டினார். எழுத்தாளர் அந்தந்தப் புத்தகம் எப்படிக் காணாமல் போயிருக்கும் என்று கட்டைக்கு ஒரு கதை கட்டி அதன்மேல் ஒட்டினார். நீச்சல் சொல்லித்தரும் புத்தகம் வெள்ளத்தில் போயிற்றாம். நினைவாற்றல் புத்தகத்தை எடுத்துப்போனவர் அதை எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டாராம்.

பார்க்க வந்த ஜனங்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. கட்டையை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று ஒருவர் கேட்கப்போக, நூலகர் தலையாட்ட, மறுநாள் வாசல்வரை வரிசை. கட்டைக்கு முத்திரை, கட்டைக்குத் தவணை. இரண்டு கட்டைகளோடு ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறிப் போய்விட்டார். காணாமல் போன அந்தக் கட்டைகளின் இடத்தில் வைக்க வேறு கட்டைகள் அறுக்குமாறு எழுத்துமூலம் உத்தரவு வந்தது. கட்டைக்காரர் அதையும் அறுத்துக் கொடுத்தார். ஜனங்கள் போகிற போக்கில் ஆளுக்கொரு கட்டையை உருவிக்கொண்டு போவதைப் பார்க்கத்தான் அவருக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் ஓவியர் அந்த நாவலின் கட்டையோடு அவருடைய மேசைக்கு வந்தார். மற்றதெல்லாம் அலமாரியில் கொஞ்சம் ஆடுகிறது, இது மட்டும் அச்சில் வார்த்த மாதிரி உட்காருகிறதே என்று வியந்தார். மற்றவற்றுக்குப் பக்கக் கணக்கைப் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் அறுப்பேன் என்று பெருமையாக ஆரம்பித்த கட்டைக்காரர் பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ இதை மட்டும் எப்படி அளந்தீங்க? புத்தகம்தான் இல்லையே?"

அவர், மரம் நல்ல மரம் என்று ஏதோ உளறினார். ஓய்வு பெற இன்னும் நாலே மாதம். காலமெல்லாம் அடுத்தவன் எடுத்துப்போனதைக் குறித்து வைத்த மனிதன், திருட்டுப் பட்டத்தோடு எப்படி வெளியே போவது?

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். எழுத்தாளர் அந்தக் கட்டையில் ஒட்டியிருந்த கதையையும் சொன்னார். யாரோ ஓர் அழகி அந்த நாவலை மார்போடு அணைத்துக்கொண்டு கப்பலேறி ஓடிவிட்டாளாம்.

"நான் எப்பங்க கப்பல் ஏறினேன்? இந்த மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது" என்றார் அந்த அம்மாள். கொஞ்ச நேரம் நாவலைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு அதை அவர் மடியில் வைத்தார். "கொண்டுபோய்க் குடுத்துடுங்க. ஒரு கட்டையையாவது உருவணும்னு எத்தனை வருஷமா சொல்றீங்க. இதை உருவுங்க."

மறுநாள் நூலகர் அறையில், ஓவியரும் எழுத்தாளரும் இருக்கும்போதே, அவர் நாவலை மேசைமேல் வைத்து ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். எந்தத் தண்டனைக்கும் தயார், கட்டையை உருவ மட்டும் அனுமதி வேண்டும் என்றார். எழுத்தாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. புத்தகம் வந்துவிட்டால் தன் கப்பல் கவிழ்ந்துவிடும் என்றார். ஓவியர் தான் கொண்டுவந்திருந்த கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நூலகர் நாவலைத் தொடக்கூட இல்லை.

"இந்தப் புத்தகத்தைக் கேட்டு இத்தனை வருஷத்துல ஒருத்தர் வந்ததில்லை. கட்டைக்கு நாப்பத்தோரு பேர் காத்திருக்காங்க. நீங்க எதையும் உருவ வேண்டாம்."

கையோடு ஓர் உத்தரவும் தட்டச்சு செய்து கொடுத்தார். மேற்படி நாவலை மேற்படி ஊழியர் தம் இல்லத்தில், காணாமல் போன நிலையிலேயே தொடர்ந்து பராமரித்துவர வேண்டும் என்று அதில் இருந்தது. திருட்டுப் பட்டம் ஒழிந்தது. ஆனாலும் பேருந்தில் வீடு திரும்பும்போது அவருக்கு அழுகை அழுகையாக வந்தது.

கதவைத் திறக்கும்போதே ஜன்னல் படார் படாரென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. முட்டுக் கொடுத்திருந்த கட்டை அங்கே இல்லை. அது மனைவியின் புத்தகத் தட்டில், நாவல் இருந்த இடத்தில் நின்றது. அதன் முதுகில் அந்த அம்மாள் தன் கோணல் எழுத்தில் தலைப்பை எழுதியிருந்தார்.

"நீங்கதானே சொல்வீங்க, பக்கத்துல இருக்கறது சாஞ்சுடும்னு" என்றார்.

கட்டைக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கட்டையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவினார். அந்த இடத்தில் நாவலை வைத்து உள்ளங்கையால் தள்ளினார். ஓர் இழை இடம் மிச்சமிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கப் போனார்.